இருபத்தைந்து என்று எழுதிய மூடி

காத்தான்குடியில் அப்துல் மஜீதின் பட்டறை முற்றத்தில், தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாய்க்குள் காலை விட்டபடி நின்றது அந்தப் பழைய மோட்டார். எட்டுக் குதிரைவலு. அழகரத்தினம் இடது கையால் கயிற்றை இழுத்தான். இருமியது, புகை கக்கியது, பிறகு ஓடத் தொடங்கியது. பின்துளையால் தண்ணீர் பீச்சியடித்தது.

வலது கையை அவன் நம்புவதில்லை. கடல் ஊருக்குள் வந்த காலையில் தென்னையோடு மோதிய தோள், அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேலே எழும்பவேயில்லை. தொண்டு நிறுவனம் தந்த தோணி வாவிக்கரையில் புதுமெருகு குலையாமல் கிடந்தது. எப்போதாவது இறக்கினால் மனைவி கண்ணகைதான் தண்டு வலித்துத் தோணியைச் செலுத்தினாள். மற்றவர்கள் வலையை வாங்கித் திரும்பும் நேரத்தில் இவர்கள் போய்ச் சேருவார்கள். அதுவரை மீன் என்ன, காத்துக்கொண்டா இருக்கும்?

மஜீத் மோட்டாரை நிறுத்தி, அடி ஆணியைத் திருகி எண்ணெயைச் சொட்டவிட்டார்.

"பாருங்க தம்பி, பால் மாதிரி வந்தா உள்ளுக்குத் தண்ணி போயிரிக்கி. இது கறுப்பாத்தான் வருது. கியர் சுத்தம்."

அழகரத்தினத்தின் பார்வை முற்றத்து மூலையில் நின்ற பெரிய மோட்டாரில் இருந்தது. "அது எப்படி காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"இருவத்தஞ்சு. நல்ல சாமான்தான். ஆனா பத்துக்கு மேல வாவியில ஆமிக்காரனுகள் ஓட உடமாட்டானுகள். ஆசைப்பட்டு உள்ள போயிராதீங்க."

எட்டுக் குதிரைவலு மோட்டாருக்கு மேல்மூடி இல்லை. அதைக் கடல் கொண்டுபோயிருந்தது. மஜீத் குவியலில் கிளறி, உடைந்துபோன ஏதோ ஒரு பெரிய மோட்டாரின் மூடியை எடுத்துக் கவிழ்த்து, சைக்கிள் ரியூப்பால் வரிந்து கட்டினார். அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி நின்றது மோட்டார். மூடியின் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் 25.

"மழைக்கு மறைப்பு, அவ்வளவுதான். ஆரும் கேட்டா மூடியக் கழட்டி எஞ்சினக் காட்டுங்க. இலக்கத்த மட்டும் மறைச்சிராதீங்க. மறைச்சாத்தான் குத்தம்."

தோணியின் பின்பலகையில் பழைய ரயர்த் துண்டை வைத்து மோட்டாரைப் பூட்டினார்கள். திருகாணி தளர்ந்தாலும் தண்ணீரில் விழாமலிருக்கக் கண்ணகை கயிறு போட்டுக் கட்டினாள். அழகரத்தினம் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தான். வலது கை மடியில் சும்மா கிடந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, பின்னால் அழுகையும் வந்தது. எலி வளையானாலும் தனி வளை.

அன்று பின்னேரம் கண்ணகை, கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்றோடு வந்தாள்.

"இஞ்சேருங்க, இந்த இலக்கத்தோட ஆமிச் சென்றிக்கு முன்னால போகப் போறீங்களா? எனக்கு நெஞ்சு பதறுது."

மஜீத் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. பயந்து நிற்பவளின் மனதை முறிப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டான். அவள் இரண்டு பூச்சுப் பூசினாள். நீலம் அழகாகத்தான் இருந்தது.

விடியலில் பாலத்தடிச் சென்றியில் காவல் நின்ற சிப்பாய் தோணியை மறித்தான். பெயின்ற் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது. கத்தி நுனியால் சுரண்டினான். முதலில் இரண்டு வந்தது, பிறகு ஐந்து.

"ஏன் மறைச்ச?"

"ஐயா, எட்டுத்தான் ஐயா. கழட்டிக் காட்டுறன், பாருங்க..."

அழகரத்தினம் ரியூப்பை அவிழ்க்கக் குனிந்தான். சிப்பாயின் துவக்குப் பிடி அவன் வலது தோளில் இறங்கியது.

விசாரணை முடிந்து அவனை விட்டார்கள். மோட்டாரை விடவில்லை. மாரி போய்க் கோடை வந்த பிறகுதான் முகாமுக்கு வரச் சொன்னார்கள். கண்ணகை தண்டு வலிக்க, நெற்றியில் திருநீற்றோடு போய் இறங்கினான்.

"செக் பண்ணினது. எட்டுத்தான். உன்னில பிழை இல்ல," என்றார் அதிகாரி. நல்ல மாதிரித்தான் சொன்னார்.

முகாமின் படகு துறையில் நின்றது. அதன் பின்பலகையில் அவனுடைய மோட்டார். கண்ணகை கட்டிய கயிறுகூட அவிழாமல் தொங்கியது.

"அப்ப மோட்டார், ஐயா?"

"இப்ப எங்களுக்குத் தேவை இருக்கு. பிறகு பாப்பம்."

குழாயடியில் நாய் ஒன்று ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. அதிகாரி கைகாட்ட, சிப்பாய் நாயை விரட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்து நீரைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். நீலம் பூசிய மூடி.

"இது உன்ர."

திரும்பும் வழியிலும் கண்ணகையே தண்டு வலித்தாள். மூடி அவன் மடியில் கிடந்தது. பாலத்தடியில் சென்றி மாறியிருந்தது. புதிய சிப்பாய் கையை நீட்டி மறித்தான். சுரண்டிய நீலத்துக்குள் தெரிந்த இலக்கத்தை உற்றுப் பார்த்தான்.

"இருவத்தஞ்சு. எஞ்சின் எங்க ஒளிச்ச?"

அழகரத்தினம் வாயைத் திறக்குமுன் துவக்கு நிமிர்ந்தது.

"கை மேல!"

இடது கை உயர்ந்தது. வலது கை நெஞ்சு வரை வந்து நின்றது.

"ரெண்டு கையும்!" என்று கத்தினான் சிப்பாய். "ரெண்டு கையும் மேல!"