புளித்ததும் புளிக்காததும்

மாசி மாதம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கள்ளக்குறிச்சியில் இட்லி மாவு ஆட்டி விற்கும் ராணியம்மாளுக்கு அன்று ஒரே மாவைப் பற்றி இரண்டு புகார்கள் வந்தன.

காலை ஏழு மணிக்குப் பின்தெரு காசியம்மாள் தூக்குச் சட்டியோடு வந்து நின்றாள். மூடியைத் திறந்து ராணியம்மாளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு. நேத்து சாயந்தரம் வாங்கினது. இட்லி ஊத்தினா வாயில வைக்க முடியல. எங்க வூட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டு எழுந்து போய்ட்டாரு."

முகர்ந்து பார்க்கவே வேண்டாம், புளித்த வாடை வாசல் வரைக்கும் அடித்தது. ராணியம்மாள் மன்னிப்புக் கேட்டு காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. கரியாலூரிலிருந்து சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையில், அருவி பார்க்க வருகிறவர்களுக்கு டிபன் கடை வைத்திருப்பவள். ராணியம்மாளிடம் தினமும் பதினைந்து கிலோ மாவு வாங்குகிறவள்.

"அக்கா, இன்னாக்கா மாவு இது? புளிக்கவே இல்ல. இட்லி தட்டையா, கல்லு மாதிரி கீது. வேன்ல வந்தவங்க ஒருத்தரும் ரெண்டாவது இட்லி கேக்கல."

"நேத்து மாவா சொல்ற?"

"நேத்து பஸ்ல வந்ததுதான்."

காசியம்மாள் வாங்கியதும் அதே அன்னக்கூடையில் இருந்த மாவுதான். போனை வைத்த ராணியம்மாள் கிரைண்டரைப் பார்த்தாள். அது ஏதோ தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

மார்கழியில்தான் அவள் சுயதொழில் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். மூன்று நாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, ஒரு நோட்டு, ஒரு பேனா. சொல்லிக் கொடுத்த அரங்கநாதன் சார் நல்ல மாதிரி. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அதுவரை ராணியம்மாள் சின்ன கிரைண்டரில் காலையில் ஒரு ஈடு, மத்தியானம் ஒரு ஈடு என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா ரெண்டு தடவை? பெரிய கிரைண்டரா வாங்கி ஒரே தடவையா ஆட்டுங்க. கரண்டும் மிச்சம், உடம்புக்கும் நல்லது. முக்கியமா, தரம் ஒரே மாதிரி இருக்கும். எந்த வாடிக்கையாளர் எப்ப வந்தாலும் ஒரே மாவு கிடைக்கணும்" என்று அவர் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள். தை மாதம் பெரிய கிரைண்டர் வந்தது. பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு மலைக்கு மாவு கேட்டாள். பத்து மணிக்கு ஆட்டத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். மலைக்கான மாவை, கரியாலூர் வழியாகப் போகும் மூன்று மணி வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றுவாள். மீதியை மறுநாள் காலை வரை கடையில் விற்பாள். தை முழுக்க ஒரு புகாரும் இல்லாமல் போனது.

இப்போது என்ன ஆயிற்று?

முதலில் உளுந்தின் மேல் சந்தேகம் வந்தது. கடையை மாற்றினாள். பிறகு தண்ணீர் மேல். குழாய்த் தண்ணீரை விட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து வந்தாள். வெந்தயத்தைக் கூட்டினாள், அடுத்த நாள் குறைத்தாள். காசியம்மாளுக்காக உப்பைக் கம்மி செய்தால் சின்னப்பொண்ணு கத்தினாள். சின்னப்பொண்ணுக்காக ஒரு கை உளுந்து ஜாஸ்தி போட்டால் காசியம்மாளின் சட்டி பொங்கி வழிந்தது. மலைக்காரியை விட்டால் உள்ளூராவது நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், உள்ளூரிலேயே பாதிப் பேர் புளிப்பு என்றார்கள், பாதிப் பேர் புளிக்கவில்லை என்றார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் எதிரெதிராகச் சொன்னார்கள்.

அவளுடைய கணவன் பூமாலை அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். சாப்பிட உட்கார்ந்தவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேசாம கொஞ்ச நாள் நிறுத்திடேன்" என்றான்.

"நிறுத்திட்டு இன்னா பண்றது? அத்தினி பெரிய கிரைண்டர்ல துணியா தொவைக்கிறது?"

அவன் குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தான்.

அரங்கநாதன் சாருக்குப் போன் செய்தாள். "வாடிக்கையாளர் கருத்தை எழுத்துல வாங்குங்கம்மா. மனசுல வச்சுக்கிட்டா குழப்பம்தான்" என்றார். ஒரு தாளில் இரண்டு கட்டம் வரைந்து, வருகிறவர்களையெல்லாம் கேட்டு அவள் கோடு போட்டாள். மூன்று நாள் கழித்து எண்ணினால் புளிப்பு என்றவர்கள் பதினொன்று, புளிக்கவில்லை என்றவர்கள் ஒன்பது. தாளைப் பார்க்கப் பார்க்க முன்பிருந்த குழப்பமே தேவலை என்று இருந்தது. திரும்பவும் சாரைக் கூப்பிட்டாள். அவர் யோசித்து, "அப்ப நடுவாந்தரமா ஒண்ணு பண்ணிப் பாருங்க" என்றார்.

நடுவாந்தரம் என்றால் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையிலேயே ஆட்டி, மாவைப் பாதி பொங்க விட்டு, மலைக்கான தூக்குகளில் கழுத்து வரை நிரப்பி மூன்று மணி பஸ்ஸில் ஏற்றினாள். கண்டக்டர் வழக்கம்போலக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளி வைத்தார். அடிவாரம் வரை ஒன்றும் ஆகவில்லை. வளைவுகளில் பஸ் ஏறி ஏறித் திரும்பியபோது, பொங்கிக்கொண்டிருந்த மாவு குலுங்கி, ஒரு தூக்கின் மூடியைத் தள்ளிவிட்டது. கடைசி சீட்டில் புதுச் சேலையோடு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கால் மாவில் முங்கிவிட்டது. இதெல்லாம் மறுநாள் கண்டக்டர் சொல்லித்தான் ராணியம்மாளுக்குத் தெரியும்.

"இனிமே ஆளில்லாம மாவு ஏத்த மாட்டேன். வேணும்னா நீங்க கூட வந்து புடிச்சிக்கினு உக்காருங்க" என்று அவர் படிக்கட்டிலேயே மறித்து நின்றார்.

முந்தின நாள் விடியலில் எழுந்த அசதியில் அன்று ஆட்டி முடிக்கவே இரண்டரை ஆகியிருந்தது; பஸ் புறப்பட இன்னும் இரண்டு நிமிடம்தான் இருந்தது. ராணியம்மாள் தூக்குகளோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள். மண்டியிலிருந்த பூமாலையைப் போனில் பிடித்து, "சாயந்தரம் கடையப் பாத்துக்கோங்க. நான் மலைக்குப் போய்க்கினு கீறேன்" என்றாள்.

"மலைக்கா? எனக்கு மாவு விக்கத் தெரியாதே!" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மலை தெரியும். ஒரு தடவைகூட ஏறியதில்லை. கரியாலூரில் இறங்கியதும் காற்று கழுத்தில் வந்து மோதியது. ஐந்தரை மணிக்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஊரில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாத மாசியில், இங்கே ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னப்பொண்ணு ஓடி வந்து தூக்குகளை வாங்கினாள். வாங்கியவள் அவற்றை வாசல் ஓரம் வெறும் சிமெண்ட் தரையில் வைத்தாள்.

"ராத்திரியெல்லாம் இங்கியேதான் இருக்குமா?" என்று கேட்டாள் ராணியம்மாள்.

"ஆமாக்கா. காலைல அஞ்சு மணிக்கு எடுத்து ஊத்துவேன்."

"இந்தக் குளிர்ல எப்படி பொங்கும்?"

சின்னப்பொண்ணு அவளை வியப்பாகப் பார்த்தாள். "நான் ஆட்டுனா அடுப்புப் பக்கத்துல சாக்கு சுத்தி வைப்பேன். இங்க மாவு தூங்கிக்கினே இருக்கும், எழுப்பணும். இது கடை மாவாச்சே, எல்லாம் ஆகித்தான் வருதுன்னு நெனச்சேன்."

"நான் ராத்திரியில அதுவா பொங்கிக்கும்னு நெனச்சேன்."

ஒரு மாதமாகப் போனில் தினமும் பேசியிருக்கிறார்கள். இதை மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. தூக்குகள் அடுப்படிக்குப் போயின. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்புவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். ராணியம்மாள் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸில் மலையிறங்கினாள்.

வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள். மலைக்குக் குளிர், சரி. எதிரெதிர் வீடுகளுக்கு என்ன? ஒரு வீட்டில் மட்டுமா குளிரடிக்கிறது? விடை கிடைத்த மாதிரியும் இருந்தது, கிடைக்காத மாதிரியும் இருந்தது.

கடைக்கு வந்தபோது பூமாலை ஸ்டூலில் உட்கார்ந்து பீடி தேடிக்கொண்டிருந்தான். அன்னக்கூடை காலி. பக்கத்தில் இருந்த சின்ன அலுமினியச் சட்டியும் காலி. முந்தின நாள் மீந்ததைத் தங்கள் வீட்டுத் தோசைக்காக மத்தியானம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அதில் வைத்திருந்தாள்.

"ஐயோ, அது நேத்து மாவுங்க! அதையுமா வித்தீங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு சட்டில மாவு இருந்திச்சு. ஒண்ணு பொங்கி நின்னுச்சு, ஒண்ணு சும்மா இருந்திச்சு. எத குடுக்குறதுன்னு தெரியல. வந்தவங்களையே கேட்டேன், எப்ப ஊத்தப் போறீங்கன்னு. இன்னிக்கு ராத்திரின்னவங்களுக்குப் பொங்கினத குடுத்தேன். நாளைக்குன்னவங்களுக்கு மத்தத. தப்பா?"

ராணியம்மாள் தலையில் கைவைத்தாள். நாளைக் காலையில் தெருவே திரண்டு வரப்போகிறது என்று பயந்தாள். சரியாகத் தூங்கவும் இல்லை.

காலையில் ஒருவரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எட்டு மணிக்குக் காசியம்மாள் அந்தப் பக்கம் போனாள். நிற்காமலே, "இன்னிக்கு நல்லா கீது ராணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னப்பொண்ணு போன் செய்து, இட்லி போதவில்லை, நாளைக்கு இருபது கிலோவாக அனுப்பு என்றாள். ராணியம்மாளுக்குச் சந்தோஷத்தைவிடக் கலவரம்தான் அதிகமாக இருந்தது. உளுந்து, தண்ணீர், வெந்தயம் எதிலும் கோளாறு இல்லையா? அந்தத் தாளைத் தேடி எடுத்து, கோடு போட்டவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்தாள். புளிக்கவில்லை என்ற ஒன்பது பேரும் ஐந்து மணிக்கு வாங்கி அன்று ராத்திரியே தோசை வார்ப்பவர்கள். புளிப்பு என்றவர்கள் அடுத்த நாளுக்கு வாங்குகிறவர்கள், பெரும்பாலும் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள். சின்ன கிரைண்டர் இருந்தபோது காலை ஈடு ஐந்து மணிக்கு வந்த ராத்திரிக்காரர்களுக்கும், மத்தியான ஈடு பிந்தி வந்த நாளைக்காரர்களுக்கும் தானாகவே போயிருக்கிறது. அது அவளுக்கும் தெரியாது, வாங்கினவர்களுக்கும் தெரியாது. தை மாதக் குளிர் அதை மூடி வைத்திருந்தது: நாளைக்கு வைத்த மாவு புளித்துப்போகவில்லை, பொங்காததற்கு எல்லாரும் குளிரையே குறை சொன்னார்கள்.

அன்றிலிருந்து விடியற்காலையில் பாதி, மத்தியானம் பாதி என்று ஆட்டினாள். ஒன்று ராத்திரிக்காரர்களுக்கு, இன்னொன்று நாளைக்காரர்களுக்கும் மலைக்கும். தூக்குகள் முக்கால் பாகமே நிரம்பியிருப்பதைப் பார்த்து, கண்டக்டரும் ஆளில்லாமலே ஏற்றிக்கொண்டார். வேலை பழையபடி இரட்டிப்பாயிற்று. நோட்டில் அடிக்கோடு போட்டதை அடிப்பதா விடுவதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அரங்கநாதன் சார் கேள்விப்பட்டுப் போன் செய்தார். "நீங்க பண்ணினதுக்குப் பேரு வாடிக்கையாளர்களை வகை பிரிக்கிறதும்மா. அடுத்த பயிற்சியில வந்து பேசணும்" என்றார். பத்து நிமிடம் விளக்கினார். கடைசியில் ராணியம்மாள், "சார், நான் ஒண்ணும் பண்ணல. எங்க வூட்டுக்காரருக்கு எந்தச் சட்டின்னு தெரியல, அவ்ளோதான்" என்றாள். சார் சிரித்தார். அவள் சொன்னது வேடிக்கைக்கு அல்ல.

பங்குனிக்குள் மலையில் இன்னொரு கடைக்காரரும் மாவு எடுக்க ஆரம்பித்தார். தெருவிலும், மாவு வாங்குவதை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். கிழக்குச் சந்தில் மூன்று வீடுகள் மட்டும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய் மாவு வாங்கி வருவதை அவளே பார்த்தாள். அதே அரிசி, அதே உளுந்து, தூரமும் ஜாஸ்தி. எதனால் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"அந்தப் பக்கம் போனா கேட்டுக்கினு வாங்களேன்" என்றாள் பூமாலையிடம்.

பூமாலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நான் கேக்க மாட்டேன். கேட்டா ஏதாச்சும் சொல்லுவாங்க. அப்புறம் மூணாவதா ஒரு சட்டி வாங்கணும்."