நாற்பது வாட் கணவர்

மகிழ் நகரில் இறந்தவர்கள் வீட்டைவிட்டுப் போவதில்லை. ஆளுக்கு நாற்பது வாட் மின்சாரம் இழுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டின் மின்செலவு மீட்டரிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மட்டும் எழுந்து போய்விடுவார்கள். போனவர் திரும்புவதில்லை. எதிர்வீட்டுப் பிலோமினாவின் மகன், விளையாடுவதற்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த கம்ப்யூட்டரை வாங்கிவந்து பிளக்கைச் சொருகியதுதான் தாமதம், அவள் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிலோமினா தடுக்கவில்லை. அவளுக்கும் அவருக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம்.

சொர்ணலதாவின் கதை வேறு. அவள் கணவர் தணிகாசலம் உயிரோடிருந்தவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர். இறந்தபிறகுதான் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினார். இப்படியொரு புருஷனை யார்தான் விடுவார்கள்? ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அவள் வீட்டிலிருந்தபடியே ஓர் அரிசி ஆலைக்குக் கணக்குப் பார்ப்பவள். பழைய கம்ப்யூட்டர் புகைந்து அடங்கிவிட்டது. புதிது இல்லாவிட்டால் வேலை போகும். பெரிதாக வாங்கினால் தணிகாசலம் போவார்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஜக்கரியா எடுத்த எடுப்பில் கேட்டார்.

"வீட்ல இறந்தவங்க எத்தன பேரு அக்கா?"

"ஒருத்தர்தான். எங்க வீட்டுக்காரர்."

"நடமாடுவாரா?"

"இல்ல, உக்காந்தேதான் இருப்பாரு."

"அப்ப சமாளிச்சிரலாம்."

குறைவாக மின்சாரம் குடிக்கும் பிராசசர் ஒன்றை எடுத்து வைத்தார். திரையில் படம் காட்டும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும், கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. சுற்றுகிற டிஸ்க்குக்குப் பதிலாக அசையாமல் கிடக்கும் எஸ்எஸ்டி. சூடாகி வீணடிக்காத பவர் சப்ளை. நினைவகமான ரேம் மட்டும் இரண்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"படம் காட்டுறதுக்குன்னு இதுக்குத் தனியா எடம் கெடையாதுக்கா. ரேம்லருந்துதான் எடுத்துக்கும். அது பத்தலன்னா பக்கத்துல எது இருக்கோ அதுல கைய வைக்கும்."

"ஒண்ணு போதும். ரெண்டு வாட்டாவது மிச்சமாகும்ல."

மிச்சம் பிடிப்பதில் சொர்ணலதாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அவளே எல்லாவற்றையும் பூட்டி முடித்தாள். சுவிட்சைப் போட்டதும் முதலில் திரையைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தாள். தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்கு மயிரிழை முன்னால் நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கணக்குக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு செவலை நாய் தெரிந்தது. அவள் அப்படியொரு படத்தை வைக்கவில்லை. ஆனால் நாயைத் தெரியும். சின்ன வயதில் தான் வளர்த்த நாயைப் பற்றி அவர் சொல்லாத நாளில்லை.

"உங்க மணி வந்திருக்கான், பாருங்க."

"எந்த மணி?" என்றார் தணிகாசலம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திரைக்கு வந்தது அவரிடமிருந்து போயிருந்தது. இன்னொரு ரேம் போட்டால் முள் கோட்டைத் தாண்டும். நாற்காலியை அவரோடு சேர்த்துச் சமையலறை வாசல்வரை இழுத்துப் பார்த்தாள். படங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தன, அவ்வளவுதான். மாதக் கடைசி, ஆலைக்காரர் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, வரவு செலவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் படித்த பள்ளிக்கூடம் வந்தது. அவருடைய அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிக் கூரையும் அதில் மெதுவாகச் சுற்றும் மின்விசிறியும் வந்த நாளில், தான் இறந்துபோனதே அவருக்கு மறந்துவிட்டது. அன்றிலிருந்து பசிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அவளும் தட்டு வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பச்சைப் புடவையில் ஒரு பெண் திரையில் வந்து நின்றாள். கையில் காபித் தட்டு. தணிகாசலம் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று சொர்ணலதா கட்டியிருந்த புடவை அது. அவள் திரும்பிப் பார்க்கப் பயந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க," என்றார் தணிகாசலம் பின்னாலிருந்து. கல்யாணமான நாளாக அவர் அவளை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. "அந்தப் பொண்ணு யாருங்க?"

"தூரத்துச் சொந்தம்," என்றாள்.

"நல்ல லட்சணமா இருக்காங்க. எனக்காகக் கேட்டுப் பாக்குறீங்களா?"

"கேக்குறேன்."

திரையிலிருந்த பெண் வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டாள். அந்த வெட்கத்துக்கு ஒரு வாட் பிடித்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தணிகாசலம் நாற்காலியின் இரண்டு கைகளையும் பற்றி எழப்போனார்.

சொர்ணலதா எட்டி, தன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்தாள். அவர் மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் நகர்ந்து, ஜாதகம் கையில் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.