செவலைக்கு ஒரு புதர்

சட்டைக்குள் பொத்திக் கொண்டுவந்த முத்தரசு, அது நாய்க்குட்டி என்றுதான் சொன்னான். நாச்சியாபுரம் பக்கம் மனை போடுவதற்காக ஒரு கருவேலங்காட்டை ஜேசிபியால் அழித்துக்கொண்டிருந்தான். புரட்டிய மண்ணுக்குள் இது மட்டும் உயிரோடு முனகியதாம். அவனோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த மனைவி பாண்டீஸ்வரி, "பால் பாட்டில் வாங்கியாங்க" என்று பேசவேண்டியதாயிற்று. செம்மண் நிறக் குட்டிக்குச் செவலை என்று பெயர் வைத்தாள்.

மூக்கு நீண்டு, வால் புசுபுசுவென்று வளர்ந்தபிறகுதான் உண்மை தெரிந்தது.

"நாயாம்ல நாயி! நரியக் கொண்டாந்து எம் மடியில போட்டிருக்கீக."

"கண்ணு தொறக்காத குட்டிகிட்ட ஆதார் கார்டா கேக்க முடியும்?"

அதற்குள் அது அவள் முந்தானைக்குள் மூக்கைப் புதைத்தால்தான் தூங்கும் என்றாகிவிட்டது. தெரு நாய்கள் அதன் காதைக் கடித்துக் கிழித்தபிறகு, வாசலுக்கே விடுவதில்லை. நாளெல்லாம் அறைக்குள் சுவரோரமாக ஓடி ஓடித் திரும்பியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் வனத்துறைக்குப் போன் செய்தாள்.

"வீட்டுல வளக்கக்கூடாதும்மா, கேசாயிரும். எடுத்த எடத்துலயே விட்டுருங்க" என்றார்கள்.

எடுத்த இடத்தில் புதர் ஏது? வெள்ளையடித்த மனைக்கற்களும் வண்ணக் கொடிகளும் புதிய தார்ச்சாலையும்தான் இருந்தன. செவலை ஒரு கல்லை முகர்ந்துவிட்டு, பைக்கின் நிழலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முத்தரசு அந்த வெட்டவெளியைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினான்.

செவலை வந்ததில் மகிழ்ந்தவர் முன்வீட்டு வள்ளியப்பன் மட்டும்தான். இவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், நிலம் வாங்கி மனையாக்கி விற்பவர். முத்தரசுக்கு ஜேசிபி வேலை தருபவரும் அவர்தான். நரி முகத்தில் விழித்தால் போன காரியம் பலிக்கும் என்று தினமும் காலையில் வந்து நிற்பார்.

"ஆத்தா, கதவத் தொற. மொகத்தப் பாத்துட்டுக் கெளம்பணும்."

"ஏண்ணே, எங்க மொகத்தப் பாத்தா காரியம் வெளங்காதாக்கும்?"

"ஒங்க மொகத்த வாடகை தேதியில பாத்துக்கிறேன்."

ஒருநாள் பொழுது சாயும் நேரம். கம்மாய்க்கு அப்பாலிருந்த கருவேலங்காட்டிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. செவலை துள்ளி எழுந்தது. கழுத்தை உயர்த்தி, இதுவரை கேட்டிராத குரலில் பதில் கொடுத்தது. அங்கிருந்து பல குரல்கள் ஒன்றாகத் திரும்பி வந்தன.

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கேட்டீகளா? அதோட ஆளுக இருக்காக! அங்குட்டே கொண்டுபோய் விட்டுருவோம்."

"விடிஞ்சதும் போவோம் புள்ள" என்றான் முத்தரசு.

அப்போதுதான் இனிப்புப் பெட்டியோடு வள்ளியப்பன் உள்ளே வந்தார்.

"எல்லாம் இந்த நரி மொகந்தான் ஆத்தா! கம்மாய்க்கு அங்குட்டுள்ள காடு எனக்கே வெல படிஞ்சிருச்சு. முத்தரசு, விடியக்காலையிலயே வண்டிய எறக்கிரு." செவலைக்கும் ஒரு லட்டைக் கிள்ளி வைத்துவிட்டுப் போனார்.

பாண்டீஸ்வரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"முடியாதுன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா வேற வண்டி வரும்."

"அதுக என்ன ஆகும்?"

"நானே எறங்குறேன். ஒரு ஓரமாத் தொடங்கி மெதுவாத் தள்ளுறேன். அதுக ஓடிரும்."

"எங்குட்டு ஓடும்?"



காட்டிலிருந்து மறுபடி ஊளை வந்தது. செவலை லட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் கதவடிக்கு ஓடி, நகங்களால் மரத்தைப் பிறாண்டியது. திரும்பி அவளைப் பார்த்து முனகியது. பாண்டீஸ்வரி எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்தால் விடியும்வரைதான் அதற்குக் காடு; அவளால் திறக்கவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை. காலடியில் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.