சோமவார மயக்கம்

"லைனை நிறுத்துங்க சார். பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும். ஒரு மணி நேரம்."

கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்ததை ரத்னகுமாரி கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு பிளான்ட் மேனேஜர் நரசிம்ம ராஜு சொல்லியிருந்தார். "கம்பூட்ஸ் கேளு, கையுறை கேளு. சுவர் பூரா போஸ்டர் ஒட்டணுமா, ஒட்டிக்கோ. லைனை நிறுத்துன்னு மட்டும் இந்த ரூமுக்குள்ள வந்து நிக்காதே. இறாலுக்குக் காது கிடையாதும்மா. அது பாட்டுக்குக் கெட்டுப்போகும்." அன்றைக்கு அவள் தலையை ஆட்டினாள். சேஃப்டி ஆபீசர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள அவ்வளவு ஆசை. அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் கழுத்தில் அட்டை மாட்டியதில்லை.

ராஜு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். காலையில் கேட்டில் கொடுத்ததில் மிச்சம். கார்த்திகை மாசத்து சோமவாரம் என்பதால் விரதம் இருக்கும் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு பழம், ஒரு டம்ளர் பால். கம்பெனியின் புதுப் பாதுகாப்பு ஏற்பாடு.

"புதன்கிழமை கன்டெய்னர் கிளம்பணும். தெரியுமில்ல?"

"போன வாரம் அஞ்சு பேர் விழுந்தாங்க சார்."

"கார்த்திகை சோமவாரம்."

"அதுக்கு முந்தின வாரம் ரெண்டு பேர். அதுக்கு முன்னால ஒருத்தி."

"அதெல்லாமும் சோமவாரம்தான்." பழத்தில் பாதியைக் கடித்தார். "எங்க வீட்டம்மாவே போன வாரம் கோயில் பிராகாரத்துல உக்காந்துட்டா. அங்க என்ன அம்மோனியாவா இருந்துச்சு? நட்சத்திரம் பாக்கிற வரைக்கும் வாயில சோறு படக்கூடாது. அதோட வந்து எட்டு மணி நேரம் ஐஸ்ல நின்னா மயக்கம் வராம ராஜயோகமா வரும்?"

"சோமவாரந்தான் மெஷின் ரூம்ல அப்பலசாமி எண்ணெயும் வடிக்கிறார்."

இறாலை உறைய வைக்கும் குழாய்களுக்குள் அம்மோனியா ஓடுகிறது. கம்ப்ரசர் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்து அடியில் தங்கும். வாரம் ஒருமுறை அதை வடித்தாக வேண்டும். வடிக்கும்போது எண்ணெய் மட்டும் வருமா? கூடவே அம்மோனியாவும் வரும்.

"அவன் ஆறு மாசமா சோமவாரந்தான் வடிக்கிறான். போன மாசம் வரைக்கும் எவளும் விழலையே?"

"காத்து திரும்பிடுச்சு சார். தீபாவளிக்கப்புறம் வடகிழக்குலேர்ந்து அடிக்குது. மெஷின் ரூம் இருக்கிறதே அந்த மூலையிலதான். இறால் உரிக்கிற கூடத்துக்குக் காத்து இழுக்கிற ஃபேன் அதைப் பாத்துத்தான் வாயைத் திறந்துவெச்சிருக்கு. விழுந்த எட்டு பேரும் அந்த ஃபேனுக்கு நேர் கீழே நின்னவங்க."

ராஜு மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். அவ்வளவுதான். "அந்த மேஜை பூரா ஒரே ஊர்ப் பொண்ணுங்க. ஊர் நடுவுல சிவன் கோயில். விரதம்னா விரதம்தான் அவங்களுக்கு. மேஸ்திரி ஊர்வாரியாத்தானே நிறுத்தறான்?"

எதற்கும் ஒரு பதில் இருந்தது அவரிடம். அவள் ராத்திரி ராத்திரியாக யோசித்துக் கண்டுபிடித்ததையெல்லாம் அவர் ஒரு வாழைப்பழத்துக்குள் தின்று முடித்துவிட்டார். அம்மோனியா கசிந்தால் அடிக்கட்டும் என்று கூடத்தில் மாட்டியிருந்த மணிக்கும் இதே கதிதான். மூன்று முறை வீணாகக் கத்தியது என்று கழற்றி ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள்.

"நான் மோசமான ஆள் இல்லம்மா," என்றார் ராஜு, விரலைத் துடைத்துக்கொண்டே. "எட்டு பேர்ல விரதம் இல்லாதவ ஒருத்தியைக் காட்டு. ஒருத்தி போதும். நானே கீழே இறங்கிப்போய் சுவிட்சை அணைக்கிறேன்." மேஜையில் கிடந்த படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "அதுவரைக்கும் இதுல கையெழுத்துப் போடு. நாளைக்கு சரக்கு வாங்குறவங்க ஆள் வராங்க. இன்னிக்குப் பத்து மணிக்குள்ள எனக்கு வேணும்."

விபத்துக் காரணம்: விரதத்தால் ஏற்பட்ட சோர்வு. கீழே எட்டுக் கையெழுத்துகள், சில கைநாட்டுகள். அதற்கும் கீழே அவள் இடம் காலியாக இருந்தது.

ஆறாவது கையெழுத்து மகாலட்சுமி.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி ஒன்பதரை.

மெஷின் ரூம் கதவைத் திறந்ததும் மூக்கின் உள்ளே ஏதோ கிள்ளியது. உண்மையிலேயே வாடைதானா, தன் பயம்தானா? இரண்டு வாரமாக இதே குழப்பம். வீட்டில் சோற்றுப் பானையைத் திறந்தால்கூட ஒருமுறை முகர்ந்து பார்க்கிறாள்.

அப்பலசாமி ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டுக்கொண்டிருந்தார். வேலையைத் தொடங்கவில்லை. ஆனால் வால்வுப் பிடியில் கம்பி தயாராகச் சுற்றியிருந்தது. கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு அது. ஸ்பிரிங் வைத்துச் செய்தவன் மடையனில்லை. வடித்து முடிக்கும்வரை ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தான். அப்பலசாமி பிடியைப் பின்னுக்கு இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் அது பாட்டுக்குத் திறந்து கிடக்கும்.

"சித்தப்பா, அந்தக் கம்பியை அவுக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்றது?"

"அவுத்துட்டு? முக்கால் மணி நேரம் மாட்டு மடி மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்கவா? அந்தாண்ட மூணு கம்ப்ரசர் ஓடுது தாயி. அதுங்களுக்கு உங்க ராஜு சார் வந்து விசிறி வீசுவாரா?"

"இன்னொரு ஆள் கேட்டு நாலு லெட்டர் எழுதிட்டேன்."

"எழுதினியே, கையெழுத்து நல்லாயிருந்துச்சுன்னு சொன்னாங்க."

"இப்பவே வாடை வருது சித்தப்பா."

"வருதா?" மூக்கைத் தூக்கிப் பார்த்தார். "எனக்கு மூக்கு செத்து ஏழு வருஷம். கருவாடும் ஒண்ணு, மல்லியப்பூவும் ஒண்ணு. என் பொண்டாட்டிக்கு அதுல ஒரு வருத்தம்."

அவள் சிரிக்கவில்லை. "இன்னிக்கு வடிக்காதீங்க."

"வடிக்கலைன்னா மெஷின் உக்காந்துடும். அது உக்காந்தா என்னை எந்திரிக்க விடமாட்டாங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "பத்துக்குத் திறக்கணும். உனக்காகப் பத்தேகால். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

கூடத்துக்குள் நூற்றெண்பது பெண்கள். தலையில் வலை, முகத்தில் மாஸ்க், கழுத்திலிருந்து கம்பூட்ஸ்வரை வெள்ளை ஏப்ரன். கத்திகள் நறுக்நறுக்கென்று ஒரே சீராக இறாலின் முதுகைக் கீறிக்கொண்டிருந்தன. மேற்கே இருக்கும் அவசரக் கதவின் விளிம்பைச் சுற்றி அகல டேப் ஒட்டியிருந்தது, ஈ வரக்கூடாதாம். நாளை வருகிற ஆள் ஈயை எண்ணுவார், விழுந்த பெண்களை எண்ணமாட்டார். எல்லாரும் ஒரே வாசலில்தான் வெளியேற வேண்டும். காலில் ஈரம், தரையில் வழுக்கும் டைல்ஸ். எல்லாரும் வெளியேற எத்தனை நிமிஷம் ஆகும் என்று ரத்னகுமாரி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வழக்கம்போல அந்தக் கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மகாலட்சுமி ஒன்பதாம் மேஜையில், ஃபேனுக்கு நேர் கீழே நின்றாள். சம்பளப் பட்டியலில்தான் மகாலட்சுமி. இரண்டு பேரும் ஒரே பேட்டையில் குடியிருப்பவர்கள். அங்கே அவள் மார்த்தா. ரத்னகுமாரியின் தெருவில் பாதிப் பேருக்கு இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், ஆபீசுக்கு ஒரு பெயர். காகிதத்தில் இந்து என்று இருந்தால்தான் பட்டியல் சாதிச் சான்றிதழ் நிற்கும். சான்றிதழ் நின்றால்தான் பிள்ளைகளுக்குச் சீட்டு.

"அக்கா, போன திங்கக்கிழமை காலையில என்ன சாப்பிட்டே?"

மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. "எதுக்குக் கேக்கறே?"

"சொல்லேன்."

"நாலு இட்லி. ராத்திரி வெச்ச மீன் குழம்பு."

"மீன் குழம்பு தின்னுட்டு விரதம்னு கையெழுத்துப் போட்டியா?"

"மெதுவாப் பேசு." மார்த்தாவின் கத்தி நிற்கவில்லை. "சூப்பர்வைசர் பேப்பரை நீட்டினார். முன்னால அஞ்சு பேர் போட்டாங்க, நானும் போட்டேன். இல்லேன்னா மகாலட்சுமின்னு பேர் வெச்சுக்கிட்டு நீ ஏன் விரதமில்லேன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றது?"

"ராஜு சார்கிட்ட வந்து இதை மட்டும் சொல்லு அக்கா. லைன் நிக்கும்."

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் நர்சிங் கவுன்சிலிங். லைன் நிக்கும், அவ நிப்பாளா?" ஒரு இறாலை உரித்துப் போட்டாள், அடுத்ததை எடுத்தாள். "நீ சொல்லேன். நீயுந்தானே ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல நின்னு பாடறே. அதுவும் சுதி இல்லாம. படிப்பை முடிச்சுட்டே, வேலையும் வாங்கிட்டே. உனக்கென்ன?"

உனக்கென்ன.

ரத்னகுமாரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மார்த்தா மேல் அல்ல. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல நேரமில்லை. அவள் படித்த சீட்டும் அந்தக் காகிதத்தில் வந்ததுதான். போன மாதம் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். மூன்று வாரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. நாற்பது வருஷம் வாத்து மேய்த்த அவள் அப்பா, தெருவில் போகிறவர்களை நிறுத்திவைத்து அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன சோமவாரம் மார்த்தா சரிந்தபோது தூக்க ஓடியவள் அவள்தான். இதே இடம். மூன்று நிமிஷம் நின்றிருப்பாள். கண் எரிந்தது, தொண்டை இறுகியது, முழங்கால் இரண்டும் தன்னுடையதில்லை என்பதுபோல மடங்கின. வெளியே தவழ்ந்து போய், காலையில் தின்ற பெசரட்டு தோசையை முழுதாக வாந்தி எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பாதுகாப்பைப் பார்க்க வந்தவளே விழுந்தாள் என்றால் சிரிப்பார்களே என்று வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஒன்பது ஐம்பது. வாசலில் கம்பூட்ஸ் அடுக்கும் தட்டின் மேல் படிவத்தை வைத்தாள். விரதத்தால் ஏற்பட்ட சோர்வு என்பதைக் குறுக்கே அடித்தாள். எழுதினாள்.

காரணம்: அம்மோனியா. அன்று ஒன்பதாம் மேஜை அருகே நானும் மயங்கி விழுந்தேன். நான் விரதம் இல்லை. சாப்பிட்டிருந்தேன். நான் கிறிஸ்தவள், கார்த்திகை விரதம் எங்கள் வீட்டில் கிடையாது.

கிறிஸ்தவள் என்ற சொல்லைத் தன் கையெழுத்தில் அவள் பார்ப்பது அதுவே முதல் முறை. பெயர், தேதி, நேரம். போனில் படம் எடுத்தாள். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்து எண்ணைத் தேடி எடுத்தாள். விரல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. அப்பாவின் முகம் வந்தது. ஃபேனின் இரைச்சலும் கேட்டது. அழுத்தினாள்.

மாடியில் ராஜு படிவத்தை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குரலோ அண்ணன் குரல் மாதிரி இருந்தது.

"தெரிஞ்சுதான் எழுதினியாம்மா?"

"தெரிஞ்சுதான்."

"எங்களுக்கெல்லாம் தெரியாதுன்னா நினைக்கிறே? ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்னா உங்க பேட்டைலேர்ந்து ஒருத்தி வரமாட்டா. ஊருக்கே தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியக்கூடாது. இதுல ஏத்திட்டா நாளைக்கு எவனாவது எடுத்து நீட்டுவான். உனக்கு சர்க்கார் வேலை வருதாமே, அப்பலசாமி சொன்னான். ஏன் இப்படி?" இழுப்பறையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். "அதைக் கிழிச்சுடு. நான் பாக்கலை."

"படம் போயிடுச்சு சார்."

"எங்க?"

"இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு. உங்க போனுக்கும்தான்."

ராஜு போனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். முகத்தில் இருந்த அண்ணன் மெல்ல வடிந்து போய் மேனேஜர் மட்டும் மிஞ்சினார்.

"ஒருத்தியைக் காட்டச் சொன்னீங்க," என்றாள் அவள்.

"எட்டு பேர்ல ஒருத்தின்னு சொன்னேன். நீ ஒன்பதாவது."

சுவர்க் கடிகாரம் பத்து ஏழு காட்டியது. பத்தேகாலுக்கு இன்னும் எட்டு நிமிஷம். அவள் தொண்டையில் ஏதோ கிள்ளியது. வாடையா, பயமா, இனி அதைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

"ஒன்பதாவது ஆளு கீழே போறேன் சார். மேஜை மேஜையா நின்னு வெளிய வாங்கன்னு சொல்லப்போறேன். காரணமும் சொல்லுவேன். வர்றவங்க வரட்டும்."

"லைன்ல கை வெச்சா இந்த கேட்டுக்குள்ள நீ திரும்ப வரமாட்டே, ரத்னகுமாரி."

முதல் முறையாக அவள் பெயரை முழுதாகச் சொன்னார். அவர் சாத்திய கதவை அவள் திறந்தாள். கீழேயிருந்து கத்திகளின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. படியில் இறங்கத் தொடங்கினாள்.