அஞ்சு புள்ளி

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் குப்பைமேட்டில் அந்தப் பொமரேனியன் பொட்டை கிடந்தது. முதுகில் மயிர் இல்லை. ஒரு கண் வெளுத்துப் போயிருந்தது. செல்வமேரி குனிந்து இடது காதைப் புரட்டினாள். உள்பக்கம் கடுகளவில் சுட்ட வடுக்கள். எண்ணினாள். அஞ்சு புள்ளி.

முடிச்சூர் ரோட்டில் குட்டி விற்கும் தனசிங்கின் கைவேலை. ஒவ்வொரு ஈத்துக்கும் ஒரு புள்ளி, பழுத்த கம்பியால். எந்தப் பொட்டை எத்தனை தடவை போட்டது என்று அவன் யாரையும் கேட்க வேண்டாம், காதைப் பார்த்தால் போதும். ஐந்தாவது ஈத்து முடிந்தால் கோணியில் கட்டி ஜி.எஸ்.டி. ரோட்டோரம் உதறிவிடுவான். தொண்ணூற்று ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்தில் அவள் பொறுக்கியெடுத்ததில் இது எட்டாவது.

இரும்புலியூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதில் இருபத்துச் சொச்சம் நாய்கள். அதுகளுக்காகவே நர்சிங் ஹோமில் பார்த்த ஆயா வேலையை விட்டவள். தாம்பரம் மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் தினமும் எலும்பும் ஜவ்வும் கொண்டுவந்து போடுவார். நொய்க்கஞ்சியில் போட்டுக் கொதிக்கவைத்து ஊற்றுவாள். தெருவில் அவளுக்கு வைத்த பெயர் நாய்மேரி.

போன மழைக்கு அஞ்சு புள்ளிக்காரி ஒருத்தி கர்ப்பப்பை சீழ்பிடித்துச் செத்தாள். குழியை மூடிய கையோடு தனசிங் வீட்டு கேட்டில் போய் நின்று அது செத்ததைச் சொன்னாள் செல்வமேரி. அவன் பெண்டாட்டியும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருக்க, “என்ன நாய்மேரி, கருமாதிக்குச் சொல்ல வந்தியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பிவிட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

இப்போது இந்தப் பொட்டையின் வயிற்றைத் தடவியவள் கையை எடுக்கவில்லை. காம்புகள் கனத்திருந்தன. அழுத்தினால் பால் வந்தது. அவசரத்தில் பால் வற்றும் முன்பே கொண்டுவந்து போட்டிருக்கிறான். அப்படியென்றால் குட்டிகள் இன்னும் அவன் வீட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தனசிங்கின் விளம்பரம் வந்திருந்தது. கஃபாரின் கடையில் நல்ல கூட்டம்.

“இன்னா மேரிக்கா, ஞாயித்துக்கெழம காலைல கறிக்கடக்காரன இட்டும் போறியே, அடுக்குமா?”

“போன வாட்டி குழில மண்ணு தள்ளுனது யாரு பாய்? வண்டிய எடு.”

தம்பியைக் கடையில் நிறுத்திவிட்டு அவர் டி.வி.எஸ். 50-ஐ எடுத்தார். பொட்டை அவள் மடியில்.

தனசிங் வீட்டு முற்றத்தில் மூன்று குடும்பங்கள். குட்டி வாங்க வருகிறவர்கள் தாயைக் காட்டச் சொல்வார்கள். தாய்க்கு மயிர் அடர்த்தியாக இருந்தால் குட்டிக்கும் இருக்குமாம். அதற்கென்றே ரோஸி என்று ஒரு வெள்ளைப் பொட்டை, குளித்து, பவுடர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எந்தக் குட்டிக்கும் ரோஸிதான் தாய்.

தனசிங் நாலு குட்டிகளைத் தரையில் விட்டான். செல்வமேரி கேட்டுக்கு வெளியே பொட்டையை இறக்கினாள். அது மெல்ல ஒரு முனகல் முனகியது.

நாலும் ஒரே ஓட்டம். ரோஸியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று கேட் கம்பிக்குள் நுழைந்து வெளியே வந்து காம்பைக் கவ்வின. கொழுத்த ஒன்று கம்பியில் மாட்டிக்கொண்டு கத்தியது. பொட்டை தார் ரோட்டிலேயே சரிந்து படுத்தது.

குட்டி வாங்க வந்தவர்களில் ஒருவர் வேதாசலம், பேங்க்கில் வேலை. அவர் மனைவி ரோஸியைக் காட்டி, “என்னங்க, அப்போ இது யாரு?” என்றாள்.

“வெளிய படுத்திருக்கறது தெரு நாய் மேடம்,” என்றான் தனசிங். “பால் வாசனைக்குக் குட்டி எங்கயும் ஓடும்.”

“சார், இத்தோட காதப் பாருங்க,” என்றாள் செல்வமேரி. “ஈத்துக்கு ஒரு புள்ளி. இதுக்கு அஞ்சு. பின்னால கட்டி வச்சிகீறானே, அதுங்க காதையும் பாருங்க. அப்பால அந்த ரோஸி காது.”

தனசிங் தடுப்பதற்குள் வேதாசலம் பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. அங்கே ரெண்டு புள்ளி, மூணு, நாலு. ரோஸியின் காதை மடக்கினார். சுத்தமாக இருந்தது.

“இது குட்டியே போட்டதில்லையா, மிஸ்டர்?”

பத்து நிமிஷத்தில் முற்றம் காலி. தனசிங் கேட்டருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “குட்டிங்களையும் எடுத்துக்க. இதோட விட்டுடு.”

அவள் மாட்டிக்கொண்ட குட்டியைக் கம்பியிலிருந்து விடுவித்து நாலையும் கூடையில் போட்டாள்.

“எடுத்துக்கறேன். ஆனா வுட மாட்டேன். அஞ்சு புள்ளி வச்சது எங்கிட்ட இன்னும் ஆறு கீது. வாரத்துக்கு ஒண்ணா இங்க இட்டாருவேன்.”

புதன்கிழமை ஒரு டெம்போ வந்து மிச்சமிருந்த ஒன்பது பொட்டைகளையும் அவள் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அடுத்த ஞாயிறு பேப்பரில் விளம்பரம் இல்லை.

“போர்டக் கூட கயட்டிட்டான் மேரிக்கா. ஜெயிச்சிட்ட, உடு,” என்றார் கஃபார்.

அவள் கேட்கவில்லை. அடுத்த அஞ்சு புள்ளிக்காரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய், சாத்தியிருந்த கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். உள்ளே ஜன்னல் துணி அசைந்தது. நாயின் காதை ஜன்னல் பக்கம் விரித்துப் பிடித்தாள்.

“கருமாதிக்குச் சொல்லத்தான் வந்தேன், தனசிங்கு,” என்றாள் சத்தமாக.

வெயில் ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஐந்து ஞாயிறு பாக்கி.