கிழக்கு பார்த்த பூ

நர்சரிக்குக் கிளம்பும்போதும் தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றவில்லை. ஐந்தரை அடி என்று காலையிலேயே வேலியோரம் நின்று அளந்து வைத்திருந்தாள். அந்த உயரத்துக்கு ஒரு வரிசை செடி வந்துவிட்டால் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணில் படாது. பக்கத்து வீடென்றால் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி.

"உயரமா வேணும். மஞ்சப் பூவா, வருஷா வருஷம் தானா வரணும். முக்கியமா, அடுத்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாது."

நர்சரிக்காரர் சிரித்தார். "செடி கேக்குறீங்களா, வாடகைக்கு ஆள் கேக்குறீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் இதே இடத்தில்தான் 'சீக்கிரம் பரவுறதா ஒண்ணு குடுங்க' என்று வாயைக் கொடுத்து ஒரு செடி வாங்கிப் போனாள். அதுவும் கேட்டபடியே பரவியது. வேலிக்கு அடியில் வேரை ஓட்டி, ஓரகத்தியின் கீரைப் பாத்தியில் ஏழெட்டு இடத்தில் தலை நீட்டியது. ஓரகத்தி எல்லாவற்றையும் பிடுங்கி வேலிக்கு இந்தப் பக்கம் போட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "உங்க செடியும் உங்கள மாதிரிதான்க்கா. சொல்லாம கொள்ளாம உள்ள வந்துருது," என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போட்டாள்.

பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டுப் பின்கதவைத் தட்டாமல் திறந்து போனவள் இவள். உப்பு தீர்ந்தாலும் போவாள், ஒன்றுமே தீராவிட்டாலும் போவாள். அதை உரிமை என்று நினைத்திருந்தாள். அதைத் தொல்லை என்று ஓரகத்தி எத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்தாளோ! நினைக்க நினைக்கக் கோபத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. எட்டு மாதமாகப் பேச்சில்லை. அவர்களின் புருஷன்மார், அண்ணனும் தம்பியும் மட்டும் எதுவும் நடக்காததுபோல வேலியில் சாய்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார்கள்.

நர்சரிக்காரர் முதலில் காட்டிய செடி விதையைக் காற்றில் பறக்கவிடும் என்றார். அடுத்தது வேர் ஓடிப் பரவும் ரகம். மூன்றாவது தொட்டியைத் தட்டிக் காட்டினார். "இது நல்ல பிள்ளை. வச்ச எடத்துலயே கொத்தா நிக்கும், ஆறடி வரும். ஆனா பூ கிழக்க பாத்துதான் நிக்கும். உங்க வீடு வேலிக்கு எந்தப் பக்கம்?"

"மேக்க."

"அப்ப உங்களுக்குப் பூவோட முதுகுதான். மூஞ்சி அவங்களுக்கு."

நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். காசைக் கொடுத்து வாங்கி, தண்ணி ஊற்றி வளர்த்து, கடைசியில் அழகு அவளுக்கா? ஆனால் நேரில் போய் 'தப்புதான்' என்று சொல்ல இவளுக்கு வாய் வராது. அது இவளுக்கே தெரியும்.

"இதையே குடுங்க. பன்னெண்டு," என்றாள்.

வேலியிலிருந்து இரண்டடி தள்ளி, நாடா பிடித்து நட்டாள். செடிகள் சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தன, பூத்தன. ஜன்னல் மறைந்தது. நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால் அப்படி ஒன்றுமில்லை. அந்த ஜன்னலில் எப்போது விளக்கு எரிகிறது, எப்போது அணைகிறது என்று தெரியாமல் தையலில் மனம் ஓடவில்லை.

ஒரு நாள் மதியம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. மெஷினில் உட்கார்ந்திருந்தவள் பார்க்கப் பார்க்க, நடுவிலிருந்த செடியின் தண்டு ஒன்று வரிசையை விட்டு வேலிக்கு மேலாகச் சாய்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. மறுபடியும் அதே பேச்சைக் கேட்க முடியாது. மழை விட்டதும் விடாததுமாக, ஓரகத்தி கண்ணில் படுவதற்குள் வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலோடு ஓடினாள்.

தண்டு நிமிர்ந்து நின்றது. வேலிக் கம்பத்தோடு சேர்த்து யாரோ துணியால் கட்டியிருந்தார்கள். நீலக் கோடு போட்ட துணி. ஒரே துணியை வெட்டி இரண்டு வீட்டுக்கும் இவள் தைத்த தலையணை உறை அது. முடிச்சு அந்தப் பக்கம் இருந்தது, தண்டு நசுங்காமல் கொஞ்சம் தளர்வாக.

கத்தரிக்கோலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கட்டும்போது தண்டு திரும்பியிருக்க வேண்டும். மற்ற பூவெல்லாம் முதுகைக் காட்டி நிற்க, அது ஒன்று மட்டும் ஈரம் சொட்டச் சொட்ட இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.