ஒன்பது கொடிகளும் ஒரு வலது கையும்

முதல் அடி என் காதின்மேல் விழுந்தது, சைக்கிள் செயினால். இரண்டாவது அடி வைத்தீஸ்வரன் சாரின் தொப்பியில். அது வேட்டைக்காரர் தொப்பி. 1970இல் கல்கத்தாவில் வேட்டையாட என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். அன்று காலை நாங்கள் இருந்தோம்.

சார் எங்கள் அலுவலகத்தில் வரைபடப் பிரிவின் தலைவர். நான் உத்தமன், அவருக்குக் கீழே டிராப்ட்ஸ்மேன். அலிப்பூரில் பழைய காகிதக்காரனிடம் நூற்றிருபது வருஷத்து வரைபடம் ஒன்று அவருக்கு அகப்பட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து அதை நான் டிரேசிங் துணியில் நகல் எடுத்தேன். ஒரு கோயிலையும் கால்வாய் வளைவையும் அடையாளம் வைத்து இன்றைய வரைபடத்தின் மேல் விரித்தபோது, லேக் கார்டன்ஸ் தாண்டி ரயில் பாதையோரம் புல் மண்டிக் கிடக்கும் பொட்டலில் அந்தக் காலத்தில் வாரச்சந்தை கூடியது தெரிந்தது. சந்தை கூடிய இடத்தில் காசு சிந்தியிருக்கும். யோசனை சரிதான். ராணுவம் கழித்துப்போட்ட கண்ணிவெடி தேடும் கருவியையும் ஏலத்தில் எடுத்துவிட்டார். நகலின் மூலையில், அரை அங்குல ஆங்கில எழுத்தில், ‘ஆராய்ந்து வரைந்தவர் எஸ். வைத்தீஸ்வரன்’ என்று என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். என் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் ரகசிய அறிக்கையை அந்த மாதம் அவர் எழுத வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் பேட்டைத் தமிழ் சபாவில் இந்தச் சந்தையைப் பற்றி அவருடைய சொற்பொழிவு. கையில் நாலு பழங்காசாவது இல்லாமல் மேடை ஏற மாட்டாராம். அதனால் நான் மண்வெட்டியோடு வந்திருந்தேன்.

கருவி கத்திய இடத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் சார் சர்வே படித்தவர். முதலில் கொடி, அதில் எண், பிறகுதான் மண்வெட்டி. கொடி சிவப்பாக இருக்க வேண்டும். ஒன்பது நட்டார். பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புக் கட்சி, இந்தப் பக்கம் அதைவிடச் சிவப்பான கட்சி. வெள்ளிக்கிழமைதான் நடுவில் ஒரு பையன் கழுத்தறுந்து கிடந்தான். ஞாயிறு காலை தொப்பி போட்ட ஒருவர் வந்து அதே இடத்தில் ஒன்பது கொடி நட்டால், நிலத்தைப் பிடித்துவிட்டதாகத்தானே அர்த்தம்?

ஏழு பேர் வந்தார்கள். தான் கெஜட்டட் அதிகாரி என்று சார் ஆங்கிலத்தில் தெரிவித்தார். மூன்றாவது அடி அதற்கு. முன்பல் இரண்டு போயின. என் முழங்காலில் இரும்புக் குழாய் இறங்கியது.

தலைவன் கண்ணாடி போட்ட கல்லூரிக்காரன். நகலைப் பிரித்துப் பார்த்தான். சந்து, குளம், வீடு எல்லாம் இருந்தன. போலீசுக்கு வரைந்தது என்று தீர்ப்புச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வரைந்த கை தனக்கு வேண்டும் என்றான். பக்கத்தில் இருந்தவன் மண்வெட்டியை எடுத்தான்.

ஊர் விட்டு வந்த எனக்கு இருந்த ஒரே சொத்து வலது கை.

சார் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைக் காட்டினார். “இவன்தான் வரைஞ்சான். ஒவ்வொரு கோடும் இவனோடது. நான் பேர் மட்டும்தான் போட்டுக்கிட்டேன்.” முதலில் தமிழில் சொன்னார், யாருக்கும் புரியவில்லை என்று உணர்ந்து, வங்காளத்தில் இன்னும் தெளிவாகச் சொன்னார். பதினொரு வருஷத்தில் என் வேலையை அவர் பாராட்டியது அன்று ஒருநாள்தான்.

“நீயா, மாத்ராஜி?” என்றான் கண்ணாடிக்காரன்.

“நான் குழி தோண்ட வந்தவன், தாதா. படிச்சவர் அவர். மூலையில பாருங்க.”

பார்த்தான். என் எழுத்து, பாதிக் கண் தெரிந்தவனும் படித்துவிடலாம்.

சாரின் வலது கையை ஒரு கல்மேல் வைத்து, மண்வெட்டியின் மொட்டைப் பக்கத்தால் அடித்தார்கள். ஐந்து விரலுக்கு நான்கு அடி. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். பிறகு கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு, கருவியை எங்கள்மேல் விட்டெறிந்துவிட்டுப் போனார்கள். அது மண்ணில் கிடந்து கீச்சிட்டது. அடியில் என்ன என்று பார்க்கும் ஆர்வம் எங்கள் இருவருக்கும் இல்லை.

சபாவில், கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, எங்களை அடிக்க வந்தவர்கள் நாற்பது பேர் என்றார் சார். நல்ல கைதட்டல்.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரகசிய அறிக்கைக்கு அன்று கடைசி நாள். அவரால் பேனா பிடிக்க முடியாது. தான் சொல்லச் சொல்ல என்னையே எழுதச் சொன்னார். “நெருக்கடியில் நம்பத் தகாதவர்” என்பது முதல் வரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கையொப்பத்துக்கு இடது பெருவிரலை நீட்டினார். மைப்பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.